மலை மணி அடிக்கும் வேளை

திருத்தணி,
5-2-1978

என் சந்திராவுக்கு,

இன்று காலை எழுந்ததும் முதல் வேலையாக, ராத்திரி அலசி வைத்த துணிகளைக் கொல்லைக் கொடியில் காயப்போட்டேன். பழைய வேட்டிக் கிழிசல்கள்தான். அவற்றுக்கு முன்னால் என் புடவையை விரித்துவிட்டு நிமிர்ந்தால் மலையைக் காணோம். பனி முழுவதையும் விழுங்கியிருந்தது. கோபுரம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரே ஒரு விளக்கு, எதிலும் ஒட்டாமல், நடுவானத்தில் எரிந்துகொண்டிருந்தது. கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். கை ஈரம் காய்ந்துபோனது.

நீ குழந்தையோடு பம்பாய் போனதிலிருந்து வீடு வேறு மாதிரி இருக்கிறது. உத்தரத்தில் பங்காருவின் தொட்டில் புடவை இன்னும் தொங்குகிறது. அவிழ்க்க மனம் வரவில்லை. போகும்போதும் வரும்போதும் தோளில் பட்டு ஆடுகிறது. ஆடும்போது உள்ளே அவன் இருப்பது போலவே கனம் தெரிகிறது.

உன்னைக் கொண்டுவந்து விட அம்மா வரவில்லை, நைனாதான் வந்தார் என்று குறைப்பட்டு எழுதியிருந்தாய். ரயிலில் அத்தனை நேரம் என்னால் உட்கார முடியாது கண்ணு. வேறு காரணம் இல்லை.

உன் கடிதம் வந்தால் என்ன நடக்கும் என்று உனக்குத் தெரியும். உன் நைனா கூடத்தில் உட்கார்ந்து ரேடியோ செய்தி போல உரக்கப் படிப்பார். பக்கத்து வீட்டுக் கௌரியம்மாள் முறத்தோடு வந்துவிடுவாள். இந்த முறை படித்துக்கொண்டே வந்தவர் ஓர் இடத்தில் நிறுத்தினார். "வெளியே போவதென்றால் காலையிலிருந்தே தண்ணீர் குடிப்பதில்லை, பழகிவிட்டது" என்று நீ எழுதியிருந்த இடம். "பம்பாய்ல தண்ணிக் கஷ்டம் போலக்கீது" என்று சொல்லிவிட்டு மேலே படித்தார். கௌரியம்மாளும் ஆங் ஆங் என்றாள்.

எனக்கு அப்படிப் படவில்லை.

தண்ணீர் குடிக்காமல் இருக்கக் கற்றுக்கொண்டவள் நான். அதனால் கேட்கிறேன். இனிமேல் எனக்கு மட்டும் எழுத வேண்டியதை என் பள்ளிக்கூட முகவரிக்கு எழுது. பத்தாம் வகுப்புக்குப் பாடம் முடித்து ஆசிரியர் அறைக்கு வரும்போது தபால்காரர் முனியன் கையில் கொடுத்துவிடுவார்.

உன்,
அம்மா


பம்பாய், செம்பூர்,
17-2-1978

அம்மாவுக்கு,

எழுதிக் கிழித்து, மறுபடி எழுதுகிற கடிதம் இது. தலைமையாசிரியை பிரித்துவிட மாட்டார்களே?

போன மாதம் எதிர் பிளாக் வரலட்சுமி என்னை ஜுஹு கடற்கரைக்குக் கூப்பிட்டாள். ஆரணிக்காரி, பேச ஆரம்பித்தால் நிறுத்த மாட்டாள். பஸ்ஸில் அவள் ஏதோ சொல்ல, நான் சிரித்தேன். அவ்வளவுதான் அம்மா, சிரித்தேன். அதற்குள் சீட்டு நனைந்துவிட்டது. கடற்கரை வந்ததும் அவள் இறங்கினாள், தலைவலி என்று நான் இறங்கவில்லை. டிப்போ வரைக்கும் உட்கார்ந்திருந்தேன். கண்டக்டர் மராத்தியில் திட்டிய பிறகுதான் எழுந்தேன். பங்காருவை இடுப்பில் வைத்துக்கொண்டு, அவன் துண்டைப் பின்னால் பிடித்தபடி வீடு வந்து சேர்ந்தேன்.

தும்மினால், இருமினால், அவனைத் தூக்கினால், எல்லாவற்றுக்கும் இப்படித்தான். இவரிடம் சொல்லவில்லை. வரலட்சுமி கதவைத் தட்டினால் தூங்குவது போல இருந்துவிடுகிறேன்.

அப்புறம் உன் கடிதத்தைப் படித்தேன். கொடியில் போட்ட கிழிசல்கள் என்று எழுதியிருந்தாய். எனக்கு அந்தக் கிழிசல்களை ஞாபகம் இருக்கிறது. எட்டாவது படிக்கும்போது கரும்பலகை துடைக்க ஆகும் என்று அவற்றில் ஒன்றைப் பள்ளிக்கு எடுத்துப் போனேன். நீ என்னை அடித்தாய். நீ அடித்தது அந்த ஒரு தடவைதான். ஏன் என்று அன்றைக்கும் சொல்லவில்லை, அப்புறமும் சொல்லவில்லை.

உனக்கும் இதுதானா அம்மா?

என்னைவிட நீ சங்கடப்படுவாய் என்று தெரியும். ஆனாலும் கேட்டுவிட்டேன். இங்கே பெரியாஸ்பத்திரியில் பிள்ளை பெற்றவர்களுக்குப் பிசியோதெரபி என்று ஒரு பிரிவு இருக்கிறது. அடுத்த வாரம் வரச் சொல்லியிருக்கிறார்கள்.

பங்காருவுக்கு இப்போது தலை முழுவதும் சுருட்டை. முடி கண்ணில் விழுகிறது. மொட்டை அடிக்கும் வரை கத்தரி படக்கூடாது என்று அம்சா அத்தை சொல்லி அனுப்பியிருக்கிறாள். மொட்டை என்றதும் நம் வீட்டுக் கூடத்து ஃபோட்டோ ஞாபகம் வந்தது. மலைமேல் எனக்கு மொட்டை அடித்த அன்று எடுத்தது. அத்தை மடியில் நான் அழுதுகொண்டிருப்பேன். நைனா நிற்பார். நீ அதில் இல்லை. சின்ன வயதில் அந்தப் படத்தைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும்.

சந்திரா


திருத்தணி,
2-3-1978

என் கண்ணே,

ஆம்.

அந்த ஒரு வார்த்தையை எழுதிவிட்டு ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். வேப்பமரம் இலை உதிர்த்துக்கொண்டிருக்கிறது. ஒவ்வொரு இலையும் விழ வெகு நேரம் எடுத்துக்கொள்வது போல இருந்தது.

நீ பிறந்தது அம்மையார்குப்பத்தில், உன் அத்தை வீட்டில். என் அம்மா அப்போது உயிரோடு இல்லை. தறி இருந்த அறையை ஒழித்துக் கொடுத்தார்கள். நீ வெளியே வர வெகு நேரம் பிடிவாதம் செய்தாய். பிறகு வந்தாய், தலை நிறைய முடியோடு. பிரசவத்துக்குப் பிறகு எழுந்து நடக்க ஆரம்பித்த நாளிலிருந்தே எனக்கு இது இருக்கிறது. உன்னிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்பாய். உன்னால் வந்தது என்று நீ நினைத்துவிடக்கூடாது. அது ஒன்றுதான் எனக்குப் பயம்.

உன் மொட்டை அன்று நானும் புறப்பட்டுத்தான் வந்தேன். உன்னைத் தூக்கிக்கொண்டு கொஞ்சம் படிகள் ஏறினேன். யாரோ படியில் கற்பூரம் ஏற்றியிருந்தார்கள். புகை தொண்டையில் இறங்கியது. இருமினேன். கணுக்கால் வரைக்கும் சூடாக இறங்கிவிட்டது. கருங்கல்லில் ஈரம் எப்படித் தெரியும் என்று உனக்குத் தெரியாதா, கறுப்பாக, எழுதி வைத்தது போல. அதன்மேலேயே உட்கார்ந்துகொண்டேன்.

உன் அத்தை மேல்படியிலிருந்து திரும்பிப் பார்த்தாள். "என்னா ஒக்காந்துட்ட, ஏறலயா?"

ஈரத்தோடு சாமி முன்னால் போய் நிற்க முடியாது. ஈரம் என்று சொல்லவும் முடியாது. அந்த நிமிஷத்தில் வாயில் வந்ததைச் சொன்னேன். எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை இல்லை, நீங்கள் போய் வாருங்கள் என்று.

சென்னைக் காலேஜில் படித்தவள் சொன்னால் நம்பாமல் என்ன செய்வார்கள்? உன் அத்தை இறங்கி வந்து உன்னை என் மடியிலிருந்து வாங்கிக்கொண்டாள். அதற்குப் பிறகு இருபது வருஷமாக அவளுக்கு நான் டீச்சரம்மா, சாமி வேண்டாதவள். உன் நைனா மட்டும் என் பக்கம் நின்றார். நம்பிக்கை இல்லாதவளைக் கட்டாயப்படுத்தக் கூடாது என்று அத்தனை பேர் முன்னால் சொன்னார். அவருக்கு அதில் கொஞ்சம் பெருமைகூட. பிறகு எப்படி மாற்றிச் சொல்வது?

ஒன்று சொன்னால் சிரிப்பாய். நான் எப்போதும் கருநீலமோ கறுப்போதான் கட்டுவேன், ஈரம் தெரியாது என்று. ஊரில் அதைக் கொள்கை என்று எடுத்துக்கொண்டார்கள். ஒரு சீர்திருத்தத் திருமணத்துக்குத் தலைமை தாங்கக்கூட அழைத்தார்கள். போனேன். நன்றாகவே பேசினேன். பிள்ளைகள் எனக்கு 'சிரிக்காத டீச்சர்' என்று பேர் வைத்திருப்பதும் எனக்குத் தெரியும்.

மலை மணி கேட்கும்போதெல்லாம் வகுப்பில் நின்றபடியே, கண்ணை மூடாமல், கையைக் கூப்பாமல் கும்பிட்டுக்கொள்வேன். யாருக்கும் தெரியாது. அவனுக்குத் தெரிந்திருக்கும்.

நீ அந்த ஆஸ்பத்திரிக்குப் போ. தள்ளிப் போடாதே. எனக்கு ஒன்று மட்டும் கேட்டுச் சொல். என் வயதில், இத்தனை காலத்துக்குப் பிறகு, இதற்கு ஏதாவது செய்ய முடியுமா?

அம்மா


பம்பாய்,
16-3-1978

அம்மா,

உன் கடிதத்தைக் குழந்தை தூங்கும்போது படித்தேன். பிறகு நானும் அவன் பக்கத்தில் படுத்துக்கொண்டேன். நான் கோபப்பட்ட ஃபோட்டோவுக்குள் நீ கீழே படியில் உட்கார்ந்திருக்கிறாய் என்று இப்போது தெரிகிறது. படச் சட்டத்துக்கு வெளியே.

ஆஸ்பத்திரிக்குப் போனேன். அங்கே ஒரு பார்ஸி அம்மாள், வெள்ளைக் கோட்டு, ஆண்பிள்ளை போல வெட்டிய முடி. நான் எதுவும் சொல்வதற்கு முன்பே, சிரித்தாலா இருமினாலா என்று கேட்டாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. இங்கே வருகிறவர்களில் பாதிப் பேர் இதற்குத்தான் வருகிறார்கள், மீதிப் பேர் முதுகுவலி என்று பொய் சொல்லிக்கொண்டு வருகிறார்கள் என்றாள்.

உன்னைப் பற்றிக் கேட்டேன். சிறுநீரைப் பிடித்து நிறுத்தும் சதைக்கு வயது தெரியாது, வேலை கொடுத்தால் செய்யும், அம்மாவையும் செய்யச் சொல் என்றாள். சில பேருக்கு ஆபரேஷன் வேண்டியிருக்குமாம், ஆனால் முதலில் இதைச் செய்துதான் பார்க்க வேண்டுமாம்.

இடுப்பு எலும்புக்கு அடியில், முன்னாலிருந்து பின்னால் வரைக்கும், தொட்டில் போல ஒரு சதை இருக்கிறதாம். நம் வீட்டு உத்தரத்தில் தொங்குகிறதே அந்தப் புடவை, அதை நினைத்துக்கொள். பிள்ளையின் பாரத்தில் தொட்டில் தொய்ந்துவிட்டது. அதை இழுத்துக் கட்ட வேண்டும். முதலில் படுத்துக்கொண்டு, முழங்காலை மடக்கிக்கொண்டு செய். பிறகு உட்கார்ந்து, பிறகு நின்று. காற்றுப் போகாமல் அடக்குவது போலவும், சிறுநீரைப் பாதியில் நிறுத்துவது போலவும் சேர்த்து இறுக்கி, உள்ளே மேல்நோக்கி இழு. கொஞ்ச நேரம் பிடித்திரு. பிறகு முழுதாக விடு. விடுவதும் முக்கியமாம். இடையிடையே சட் சட்டென்று இழுத்து விடுவதும் செய்ய வேண்டும். தும்மல் வருகிறது என்று தெரிந்தால் தும்முவதற்கு முன்பே இழுத்துப் பிடித்துக்கொள். தண்ணீரைக் குறைக்காதே. குறைத்தால் சிறுநீர்ப் பையே சுருங்கிப் போய் இன்னும் அவசரப்படுத்துமாம்.

மத்தியானம் பன்னிரண்டுக்கு இங்கே மில் சங்கு ஊதும். அங்கே உனக்கு மலை மணி அடிக்கும். நாம் இரண்டு பேரும் அந்த நேரத்தில் செய்யலாம். நீ அங்கே இழுத்துப் பிடி, நான் இங்கே பிடிக்கிறேன். யாருக்குத் தெரியப்போகிறது?

அம்மா, ஆனியில் பங்காருவுக்குப் பதினோரு மாதம் ஆகிறது. திருத்தணியில்தான் மொட்டை. எனக்கு அண்ணன் தம்பி இல்லை, தாய்மாமன் மடி அவனுக்குக் கிடையாது. அத்தை தான் உட்காருவதாகச் சொல்கிறாளாம். எனக்கு அது வேண்டாம். மலைமேல், உன் மடியில் வைத்துத்தான் அவனுக்கு முடி இறக்க வேண்டும்.

சந்திரா


திருத்தணி,
11-4-1978

சந்திரா கண்ணுக்கு,

வெயில் ஆரம்பித்துவிட்டது. மத்தியானத்தில் மலை வெள்ளையாகிவிடுகிறது, காகிதத்தில் வரைந்து அழித்தது போல.

மணி அடித்தவுடன் நீ சொன்னதைச் செய்கிறேன். அப்போது பெரும்பாலும் ஒன்பதாம் வகுப்பில் நிற்பேன். சாக்பீஸைப் பிடித்தபடி கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொள்வேன். பிள்ளைகள் நான் யோசிப்பதாக நினைக்கிறார்கள். அந்தச் சமயத்தில் உன் அறை தெரிகிறது, நான் பார்த்தே இராத உன் அறை. ஜன்னலில் பங்காருவின் சட்டை, உன் கால்விரல்கள். எனக்கும் உனக்கும் நடுவில் ஒரு புடவை இழுத்துக் கட்டியிருப்பது போலவும், நாம் ஆளுக்கு ஒரு முனையைப் பிடித்திருப்பது போலவும் இருக்கிறது.

ஆனால் பலன் இல்லை கண்ணே. உண்மையைச் சொன்னால் முன்னைவிட மோசம். தொடை இரண்டும் வலிக்கிறது. போன வாரம் காலைப் பிரார்த்தனைக் கூட்டத்தில் ஒரு தும்மல், நேரே வீட்டுக்கு வந்துவிட்டேன். பல்லைக் கடித்து, மூச்சை அடக்கி, காலோடு காலைப் பின்னிக்கொண்டு எவ்வளவு இறுக்க முடியுமோ அவ்வளவு இறுக்குகிறேன். இந்த உடம்புக்குக் காது கேட்கவில்லை.

ராத்திரி ஒரு கனவு அடிக்கடி வருகிறது. மலைப்படியில் ஏறிக்கொண்டிருக்கிறேன். எனக்குப் பின்னால் ஒவ்வொரு படியாகத் தண்ணீர் வழிந்து இறங்குகிறது. நான் ஏற ஏறத் தண்ணீர் பெருகி, கீழே சரவணப் பொய்கை நிரம்புகிறது. ஜனங்கள் எல்லாம் சந்தோஷமாக அதில் குளிக்கிறார்கள். யாருக்கும் அது எங்கிருந்து வருகிறது என்று தெரியவில்லை.

அதனால் மடி விஷயம் வேண்டாம். உன் அத்தையே உட்காரட்டும். நான் கீழே இருந்து பார்த்துக்கொள்கிறேன். எனக்குப் பழக்கம்தான்.

அம்மா


பம்பாய்,
20-4-1978

அம்மா,

உன் கடிதத்தை அந்த அம்மாளிடம் ஹிந்தியில் சொன்னேன். தலையில் அடித்துக்கொண்டாள்.

காலைப் பின்னாதே. நீ இருபது வருஷமாகச் செய்து வந்ததையே இன்னும் பலமாகச் செய்திருக்கிறாய். தொடை வலித்தால் தொடைக்குத்தான் வேலை கொடுத்திருக்கிறாய் என்று அர்த்தம். மூச்சை அடக்கினால் வயிறு கீழே அழுத்தும், தொட்டில் இன்னும் தொய்யும். வயிறு, தொடை, முகம் எல்லாம் தூங்க வேண்டும், உள்ளே அது ஒன்று மட்டும் விழித்திருக்க வேண்டும். இழுத்துப் பிடித்திருக்கும்போது வாயால் ஒரு பாட்டு முணுமுணு. முணுமுணுக்க முடிந்தால் மூச்சு ஓடுகிறது, சரியாகச் செய்கிறாய். கொஞ்ச நாளைக்கு நின்றுகொண்டு செய்ய வேண்டாம், படுத்துக்கொண்டே செய்.

மடி விஷயத்துக்கு என் பதில். நீ கீழே நிற்பதானால் நாங்கள் திருத்தணிக்கு வரவில்லை. என் மாமியார் ஏற்கனவே பழனி என்கிறார்கள். அங்கேயே அடித்துவிடுகிறோம். நீ இல்லாத இன்னொரு ஃபோட்டோவை நான் சுவரில் மாட்ட மாட்டேன்.

எனக்கு இப்போது தும்மினால் ஒன்றும் ஆவதில்லை. நேற்று வரலட்சுமிக்குக் கதவைத் திறந்தேன்.

சந்திரா


திருத்தணி,
24-5-1978

சந்திரா,

லீவு என்பதால் பள்ளிக்கூடம் பூட்டியிருக்கிறது. முனியனிடம் சொல்லி வைத்து, தபாலாபீஸிலேயே உன் கடிதத்தை வாங்கிக்கொண்டேன். உன் கோபத்தை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு வந்தேன். வழியெல்லாம் அது என்னோடு பேசிக்கொண்டே வந்தது.

நீ சொன்னபடி படுத்துக்கொண்டு, முணுமுணுத்துக்கொண்டு செய்கிறேன். உன் நைனா, வெயிலில் எனக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டதோ என்று பார்த்தார். முதலில் ஒன்றும் தெரியவில்லை. ஒரு நாள் தெரிந்தது. மிக மெல்ல, குளத்தின் அடியில் மீன் திரும்பியது போல. இது நான்தானா என்று இருந்தது. இத்தனை காலம் எனக்குள் இருந்த ஒன்றை அன்றுதான் முதல்முறையாகச் சந்தித்தேன். அப்புறம் உட்கார்ந்து, இப்போது நின்றும் வருகிறது. கொடியில் துணி குறைந்துகொண்டே வருகிறது.

இன்னொன்று நடந்தது. உன் அத்தை மிளகாய் கொண்டுவந்தாள். முழங்கால் வலியாம், கொஞ்ச நாளாக அவளும் படியேறுவதில்லை, பஸ்ஸில்தான் மலைக்குப் போகிறாள். கூடத்தில் மூன்று பேரும் உட்கார்ந்திருந்தோம். அவள் தன் வீட்டுக்காரர் ராஜமாணிக்கம் பாவு தோய்த்த கதையைச் சொன்னாள். தெருவில் தறிக்கான பாவு நூலை நீளமாக இழுத்துக் கட்டிக் கஞ்சி போட்டிருக்கிறார். பசித்த ஆடு ஒன்று வந்து கஞ்சியை நக்கியிருக்கிறது. அதை விரட்டப் போனவரின் லுங்கி அவிழ்ந்து ஆட்டின் கொம்பில் மாட்டிக்கொண்டது.

"ஆடு லுங்கி கட்டிக்கினு முன்னால போவுது," என்றாள் உன் அத்தை. "இவரு கட்டாம பின்னால ஓடறாரு. ஊரே ஆட்டைத்தான் கும்புடுது."

நான் சிரித்துவிட்டேன். வாயைப் பொத்தாமல், சத்தமாக. முன்கூட்டி இழுத்துப் பிடித்தேனா என்று ஞாபகமில்லை. ஒன்றும் ஆகவில்லை. உன் நைனா என் முகத்தையே பார்த்தார். இந்தச் சத்தம் இந்த வீட்டில் இருந்ததா என்பது போல. அவர் கண் கலங்கியது என்று நினைக்கிறேன், மிளகாய் நெடியாகவும் இருக்கலாம்.

உன் அத்தைக்கும் சிரிப்பு தாங்கவில்லை. எழுந்தாள். எழுந்தவள் ஒரு காலை இன்னொரு கால்மேல் குறுக்கே போட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு அசையாமல் நின்றாள். பிறகு, கால் கழுவிவிட்டு வருகிறேன் என்று கொல்லைக்குப் போனாள். ஒரு குடம் தண்ணீரை இடுப்பிலிருந்து ஊற்றிக்கொண்டு, சொட்டச் சொட்ட வந்தாள். வெயில் தாங்கவில்லையாம்.

எனக்கு அந்த வித்தை தெரியும் சந்திரா. கொஞ்சம் நனைந்தால் முழுதும் நனைத்துக்கொள்வது. எத்தனை முறை செய்திருக்கிறேன்.

மாற்றுப் புடவை எடுத்துக் கொடுத்தேன். அவள் என் முகத்தைப் பார்க்காமல் வாங்கிக்கொண்டாள். புடவையைக் கட்டி முடித்ததும்தான் அவளுக்குப் பழைய குரல் வந்தது. மடி பற்றி நீ நைனாவுக்கு எழுதியிருந்தது அவள் காதுக்கு எட்டியிருக்கிறது. "சாமி இல்லன்னவ மடியில சாமிக்கு முடி எறக்கறதா? மலை மேல இருக்கறவன் சிரிக்க மாட்டான்?" என்றாள்.

உன் நைனா வழக்கம்போல எனக்காகப் பேசினார். அவளுக்கு நம்பிக்கை இல்லாததை அவள்மேல் திணிக்கக்கூடாது, அக்காவே உட்காரட்டும் என்றார். எவ்வளவு அன்பாகச் சொன்னார் தெரியுமா? அந்த அன்புதான் என் முன்னால் சுவர் மாதிரி நிற்கிறது. நான் தலையை ஆட்டிவிட்டு உள்ளே போய்விட்டேன்.

அம்மா


பம்பாய்,
4-6-1978

அம்மா,

டிக்கெட் எடுத்தாகிவிட்டது. மெட்ராஸ் மெயிலில் இருபத்தெட்டாம் தேதி அரக்கோணத்தில் இறங்குகிறோம். திருத்தணிக்கா பழனிக்கா என்று இவர் தினமும் கேட்கிறார். அம்மா கடிதம் வரட்டும் என்று சொல்லியிருக்கிறேன்.

நீ சிரித்த இடத்தைத் திரும்பத் திரும்பப் படிக்கிறேன். உன் சிரிப்பு எப்படி இருக்கும் என்று யோசித்துப் பார்த்தேன். எனக்குத் தெரியவில்லை. அத்தை கேட்டுவிட்டாள், நான் கேட்டதில்லை.

அத்தையைப் பற்றி நீ எழுதியதை யாரிடமும் சொல்ல மாட்டேன்.

உடம்பு இனி உன்னைத் தடுக்கவில்லை. அப்படியானால் எது தடுக்கிறது அம்மா? அதை மட்டும் எழுது. யார் மடி?

சந்திரா


திருத்தணி,
11-6-1978, ஞாயிறு

என் சந்திராவுக்கு,

இன்று காலை எழுந்ததும் முதல் வேலையாகக் கொல்லைக்குப் போனேன். காயப்போட ஒன்றும் இல்லை. பழக்கத்தில் போய்விட்டேன். நேற்றுக் கட்டிய புடவை மட்டும் கொடியில் தனியாக ஆடிக்கொண்டிருந்தது, தனக்குப் பின்னால் எதையும் மறைக்காமல். அதற்கு மேலே மலை, படி படியாக, இவ்வளவு கிட்டத்தில் இருப்பது போல நான் பார்த்ததே இல்லை. மேலே யாரோ மஞ்சள் துணியோடு ஏறிக்கொண்டிருந்தார்கள். எறும்பு அளவுதான் தெரிந்தார்கள். மறையும் வரை பார்த்துக்கொண்டிருந்தேன்.

எது தடுக்கிறது என்று கேட்டாய். பல நாளாக அதைத்தான் நானும் கேட்டுக்கொண்டிருக்கிறேன். மடியைத் தா என்று உன் அத்தையிடம் கேட்க வேண்டுமென்றால் நான் எப்போதும் சாமியை நம்பித்தான் இருந்தேன் என்று சொல்ல வேண்டும். பிறகு ஏன் ஏறவில்லை என்று அவள் கேட்பாள். அதற்குப் பதில் அந்தப் படியில் இருக்கிறது. ஊரில் எனக்கு ஒரு மரியாதை இருக்கிறது, யாருக்கும் தலை குனியாதவள் என்று. அது என் ஈரத்தின்மேல் கட்டிய வீடு. ஆனாலும் அதில் இத்தனை வருஷம் குடியிருந்துவிட்டேன். வெளியே வரக் கால் கூசுகிறது.

முதலில், உன் நைனாவிடம் மட்டும் மனம் மாறிவிட்டேன், வயதாகிறதில்லையா என்று சொல்லிவிடலாம் என்றுதான் நினைத்தேன். எல்லோரும் சந்தோஷமாக நம்பிவிடுவார்கள். உன் அத்தை தான் ஜெயித்ததாக நினைத்து, விட்டுக்கொடுத்தும் விடுவாள். யாருக்கும் எதுவும் தெரியவேண்டாம். நேற்று வரை அதுதான் முடிவு.

ஆனால் மொட்டை நாளை நினைத்துப் பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பங்காரு தெரியவில்லை. உன் அத்தைதான் தெரிகிறாள். கூட்டத்தில் யாரோ கற்பூரம் ஏற்றுகிறார்கள், அவள் இருமுகிறாள், காலைப் பின்னிக்கொண்டு தூணைப் பிடித்து நிற்கிறாள். கிட்டத்தில் குடம் இல்லை, தண்ணீர் இல்லை. எல்லோரும் பிள்ளையைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். அவளைப் பார்க்கிறவள் நான் ஒருத்திதான். பார்த்துக்கொண்டு பேசாமல் உட்கார்ந்திருக்கிறேன், மடியில் பேரனோடு. அந்த மடி எனக்கு எதற்கு?

அவளுக்கு ஐந்து பிரசவம். முழங்கால் என்கிறாள். மறைக்க அவளிடம் முழங்கால் இருக்கிறது, என்னிடம் கொள்கை இருந்தது.

பத்து மணிக்கு அம்மையார்குப்பத்துக்கு பஸ். உன் நைனாவிடம் மிளகாய்ப் பாத்திரத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வருவதாகச் சொல்லியிருக்கிறேன். போய், தறி அறையில் அவள் பக்கத்தில் உட்கார்ந்து, அந்தப் படியில் நடந்ததிலிருந்து ஆரம்பிக்கப் போகிறேன். நீ பிறந்த அறையும் அதுதான். அவள் சிரிக்கலாம். ஊருக்கே சொல்லலாம். சொல்லட்டும். கேட்டுக்கொண்டால் தொட்டிலைப் பற்றியும் சொல்வேன், காலைப் பின்னாதே அண்ணி என்பேன். அங்கே மலை மணி கேட்காது. மத்தியானச் சோற்றுக்குத் தறிகள் நிற்கும் வேளை இருக்கிறதே, அதை அவள் வைத்துக்கொள்ளட்டும். அப்புறம் பேரன் என் மடியில்தான் உட்காருவான் என்று சொல்லிவிட்டு வருவேன். திரும்பி வந்ததும் உன் நைனாவிடம். அவரிடம் சொல்வதுதான் எல்லாவற்றையும்விடக் கஷ்டம்.

இதை இன்னும் யாரிடமும் சொல்லவில்லை. உன்னிடமும் சொன்னதாகாது. இது உன் கைக்கு வரும்போது எல்லாம் நடந்து முடிந்திருக்கும்.

பழனி வேண்டாம் என்று மாப்பிள்ளையிடம் சொல்லிவிடு.

இரண்டு சொம்பு தண்ணீர் குடித்துவிட்டேன். வெளிர் மஞ்சளில் ஒரு புடவை, என் கல்யாணத்துக்கு வந்தது, மடிப்புக் கலையாமல் இருந்தது. அதைக் கட்டிக்கொண்டிருக்கிறேன். பையில் மிளகாய்ப் பாத்திரமும் இந்தக் கடிதமும் இருக்கின்றன. வழக்கமாக அடியில் மடித்து வைக்கும் மாற்றுத் துணியை எடுத்து அலமாரியில் வைத்துவிட்டேன்.

உன்,
அம்மா